ரெண்டு நூலும் ஆறு மில்லியும் ஒண்ணா?

ஆறு மில்லிமீட்டருக்கும் கால் இஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் 0.35 மில்லிமீட்டர். வீட்டுப் பிரிண்டரில் போடும் பேப்பர் மூணு, மூணரைத் தாள் கனம். பலகை வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. ஊரில் நம்ம தச்சர்கள் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ரெண்டு நூல் பிளைவுட் கேட்டால் கடையில் 6 மில்லி பலகையை எடுத்துக் கொடுப்பார்கள். வேலையும் நடக்கும், சண்டையும் வராது. இங்கே ஹாலண்ட் டனல் பக்கத்து ஹோம் டிப்போவில் கால் இஞ்ச் என்று அடுக்கியிருக்கும் பிளைவுட்டை அளந்து பாருங்கள், பல சமயம் 5 மில்லி சொச்சம்தான் இருக்கும். அதுவும் பரவாயில்லை.

ஆனால் நிமிஷத்துக்கு 25,000 தடவை சுற்றும் ஒரு பிட்டை அந்த 0.35 இடைவெளியோடு பிடிக்க முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நம்ம வீடுகளில் இந்தப் பிரச்சினை வருவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ரவுட்டர் மெஷினை இங்கே வாங்குகிறோம். பிட் ஊரிலிருந்து வருகிறது. லீவுக்குப் போகும்போது பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடையில் பன்னிரண்டு, பதினைந்து பிட் உள்ள செட் பார்த்தால், இங்கத்திய விலையோடு ஒப்பிட்டு உடனே கை போய்விடும். இல்லாவிட்டால் மாமனார் ஆசையாக வாங்கி பெட்டியில் வைத்து அனுப்புவார். தண்டு 6 மில்லியா, 8 மில்லியா, கால் இஞ்சா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். சில பெட்டிகளில் 6 மிமீ என்றும் 1/4 என்றும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்தே இருக்கும். நல்லெண்ணத்தில் வந்த பொருள்தான். ஆனாலும் மெஷினில் மாட்டும் முன் அளந்துதான் ஆகவேண்டும்.

அமெரிக்காவில் விற்கும் சின்ன ரவுட்டர்களில் பெரும்பாலானவை கால் இஞ்ச் காலெட்டோடு வருகின்றன. காலெட் என்பது பிட்டின் தண்டைப் பிடித்துக்கொள்ளும் பிளவுபட்ட சின்ன எஃகுக் கூம்பு. நட்டைத் திருக, மெஷினின் கூம்பு வடிவக் குழிக்குள் அது இறங்கி, பிளவுகள் நெருங்கி, தண்டை இறுக்கும். மெக்கானிக்கல் பென்சிலுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். பையனுடைய 0.7 பென்சிலில் 0.5 லெட் போட்டுப் பாருங்கள். மூக்கு வழியாக வெளியே வரும், பிடித்த மாதிரியும் இருக்கும், எழுத ஆரம்பித்தால் வழுக்கும். பென்சிலில் அது தொல்லை, அவ்வளவுதான்.

கால் இஞ்ச் காலெட்டில் 6 மில்லி தண்டைப் போட்டால் அது உள்ளே போகும். ஸ்பானரால் இறுக்கினால் இறுகவும் செய்யும். கையால் இழுத்தால் வராது. வராததுதான் ஆபத்தே. காலெட் முழு நீளத்துக்கும் தண்டைத் தழுவிப் பிடிக்காமல், வாய்ப் பக்கத்தில் மட்டும் நாலைந்து கோடாகக் கடித்துக்கொண்டிருக்கும். மரத்தைத் தொட்டதும் பிட் உள்ளுக்குள் ஆட ஆரம்பிக்கும். சுருள் வெட்டு உள்ள பிட்டாக இருந்தால், தூளை மேலே இழுக்கும் அதே சுருள் பிட்டை மரத்துக்குள் இழுக்கும். நீங்கள் 3 மில்லி ஆழம் வைத்திருப்பீர்கள், அது தானாக 5, 6 என்று இறங்கிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு பிட் வெளியே வந்துவிடலாம், இல்லை தண்டு உடையலாம். 25 மில்லி விட்டமுள்ள பிட் 25,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் ஓரத்தின் வேகம் மணிக்கு சுமார் 118 கிலோமீட்டர். டர்ன்பைக்கில் போகும் காரின் வேகத்தைவிட அதிகம். உங்கள் முகத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு அடி தூரம்தான்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் இது கம்பைலர் எச்சரிக்காமல் விட்டுவிடும் டைப் மிஸ்மேட்ச். ஓடும்போதுதான் தெரியும்.

எதிர்ப்பக்கத்துக் கேஸ் பாதுகாப்பானது. 6 மில்லி காலெட்டில் கால் இஞ்ச் தண்டு நுழையவே நுழையாது. யாரும் சுத்தியல் எடுக்காதவரை நல்லது.

இந்த ரெண்டு அளவு உலகம் எப்படி வந்தது என்பது பெரிய கதை. இந்தியா 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. ஆனால் தச்சர்களின் வாயில் அடி, இஞ்ச், நூல் இன்னும் இருக்கிறது. அமெரிக்கா 1975-ல் ஒரு மெட்ரிக் சட்டம் போட்டது. அதில் கட்டாயம் எதுவும் இல்லை. அதை நடத்த அமைத்த போர்டையும் 1982-ல் கலைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இஞ்சே மெட்ரிக்கில்தான் நிற்கிறது: 1959 ஒப்பந்தப்படி ஒரு இஞ்ச் என்பது சரியாக 25.4 மிமீ. ஆக கால் இஞ்ச் 6.35, எட்டில் ஒரு இஞ்ச் 3.175, அரை இஞ்ச் 12.7. இவற்றுக்குப் பக்கத்து வீட்டு மெட்ரிக் அளவுகள் 6, 3, 12. எல்லா ஜோடியும் கிட்டத்தட்டப் பொருந்துவது போலத் தெரியும், எதுவும் பொருந்தாது. ஒரே ஒரு ஜோடி மட்டும் ரொம்ப நெருக்கம்: 8 மில்லியும் 5/16 இஞ்சும். பின்னது 7.94 மிமீ. ஆனால் 5/16 தண்டில் ரவுட்டர் பிட்டே பார்ப்பது அபூர்வம் என்பதால் அந்த நெருக்கத்தால் நமக்கு லாபம் இல்லை.

ஜெர்சி சிட்டியில் கராஜ் உள்ள வீடு யாருக்கு இருக்கிறது? ஜர்னல் ஸ்கொயர் அபார்ட்மெண்டில் பால்கனி இருந்தாலே பெரிய விஷயம். அதனால்தான் பேட்டரியில் ஓடும் சின்ன ரவுட்டர். ஒயர் இழுக்க வேண்டாம், ஒரு கையில் பிடிக்கலாம், வேலை முடிந்ததும் ஷூ அலமாரியில் வைத்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யத் தோன்றும் முதல் பொருள் பல்லாங்குழி. ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. ஒரு குழி ரெண்டு இஞ்ச் விட்டம் என்றால் 19, 20 இஞ்ச் நீளமுள்ள மேப்பிள் பலகை போதும். வட்ட ஓட்டை போட்ட ஒரு டெம்ப்ளேட் பலகையை மேலே ஒட்டி, கிண்ணம் குடையும் பிட்டால் ஒவ்வொரு குழியாகக் குடைய வேண்டியதுதான். கொலுப் படிக்கு ஓரம் உருட்டவும் இதே மெஷின் போதும்.

கிண்ணம் குடையும் பிட்டில்தான் தண்டு அளவு ரெட்டை வேலை பார்க்கிறது. டெம்ப்ளேட்டைத் தொட்டு ஓடும் பேரிங் பிட்டின் தண்டில் மேலிருந்து மாட்டப்படுகிறது. கால் இஞ்ச் தண்டுக்கான வழக்கமான பேரிங் ஆர்188, பிள்ளைகளின் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் நடுவில் இருக்குமே, அதேதான். உள் விட்டம் 6.35, வெளி விட்டம் 12.7. இந்தப் பேரிங் 6 மில்லி தண்டில் கொலுசு மாதிரி ஆடும். 6 மில்லிக்கு வேண்டியது 686, அதன் வெளி விட்டம் 13. பிட்டை மாற்றினால் பேரிங்கையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சரி, கையில் நல்ல 6 மில்லி அல்லது 8 மில்லி பிட் இருக்கிறது. தூக்கிப் போட மனமில்லை. என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் மெஷின் வேறு நாட்டில் என்ன பெயரில் விற்கிறது என்று பாருங்கள். ஒரே மெஷினை ஒரே கம்பெனி ஒவ்வொரு நாட்டிலும் வேறு நம்பர், வேறு காலெட்டோடு விற்கும். மகீட்டா ஜப்பான் கம்பெனி. அங்கே டிரிம்மர் என்றாலே 6 மில்லி தண்டுதான். அந்தக் கம்பெனியின் 18 வோல்ட் சின்ன ரவுட்டர் அமெரிக்காவில் எக்ஸ்டிஆர்01 என்ற பெயரில் கால் இஞ்ச் காலெட்டோடு வருகிறது. மற்ற நாடுகளில் அதன் பெயர் டிஆர்டி50. அதன் கையேட்டைத் திறந்தால் 6 மிமீ, 8 மிமீ, 1/4, 3/8 என்று நாலு அளவும் போட்டிருக்கும். ஆக மெஷினில் குறை எதுவும் இல்லை. இந்த ஊர்ப் பெட்டியில் அந்தக் காலெட்டை வைக்கவில்லை, அவ்வளவுதான். டிஆர்டி50-ன் உதிரிபாகப் படத்தைப் பார்த்து, 6 அல்லது 8 மில்லி காலெட்டின் பாக நம்பரை எடுத்து, அந்த நம்பரைச் சொல்லியே கேளுங்கள். "மகீட்டாவுக்கு 8 மில்லி" என்று பொதுவாகக் கேட்டால், அதே கம்பெனியின் பெரிய ரவுட்டருக்கான கூம்பு வந்து நிற்கும். கூம்பின் சரிவு வேறு, நீளம் வேறு. என் மெஷினும் எக்ஸ்டிஆர்01-தான். நான் 8 மில்லி எடுத்தது இந்த வழியில்தான்.

போஷ் கதையும் இப்படித்தான். ஐரோப்பாவில் ஜிகேஎஃப் 12வி-8 என்ற பெயரில் மெட்ரிக் காலெட்டோடு வரும் 12 வோல்ட் குட்டி ரவுட்டர் இங்கே ஜிகேஎஃப்12வி-25என் என்ற பெயரில் கால் இஞ்சோடு வருகிறது. அதன் வேகம் 13,000 ஆர்பிஎம்தான். ஓரம் உருட்டப் பிறந்த மெஷின் அது. பல்லாங்குழிக் குழி தோண்ட அதைப் பிடித்து வதைக்க வேண்டாம். ஃபெஸ்டூல் மட்டும் தனி வழி: ஓஎஃப் 1010 என்ற ஒயர் மாடலில் அமெரிக்காவிலேயே 8 மில்லி, கால் இஞ்ச் ரெண்டு காலெட்டும் கொடுக்கிறார்கள். விலையும் தனி வழிதான்.

ரெண்டாவது வழி, மூன்றாம் கம்பெனி காலெட். இது ஏன் சாத்தியமாகிறது என்பது சுவாரசியம். மகீட்டாவின் ஆர்டி0701, டிவால்ட்டின் டிடபிள்யூபி611 ஆகிய ஒயர் ரவுட்டர்களை ஷேப்போகோ மாதிரி வீட்டு சிஎன்சி மெஷின்களில் மோட்டாராக மாட்டும் பழக்கம் பல வருஷங்களாக இருக்கிறது. சிஎன்சி ஆட்களுக்கு எட்டில் ஒரு இஞ்ச், 3 மில்லி, 6 மில்லி என்று எல்லாத் தண்டும் வேண்டும், ஆட்டமும் இருக்கக்கூடாது. அவர்களுக்காக எலெயர், பிரிசைஸ்பிட்ஸ் போன்ற சின்னக் கம்பெனிகள் துல்லியக் காலெட் செய்து விற்கின்றன. மகீட்டாவின் பேட்டரி மாடல் எடுக்கும் காலெட் ஆர்டி0701 எடுக்கும் அதே வகை. சிஎன்சி பொழுதுபோக்கு தழைத்ததால் நமக்கு 6 மில்லி கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் மாடல் நம்பரை எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பெயரில்லாத கடைகளில் பத்து காலெட் சேர்த்து ஒரு பாக்கெட்டாக விற்பார்கள். எனக்கு அப்படி ஒரு பாக்கெட்டில் 6 மில்லி என்று ஒட்டி வந்ததை அளந்தால் 6.35. ஸ்டிக்கரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

மூன்றாவது, ஸ்லீவ். பெரிய காலெட்டுக்குள் போடும் பிளவுபட்ட குழாய். அரை இஞ்சிலிருந்து கால் இஞ்சுக்கு இறக்க இது பழைய, நல்ல வழி. சுவர் 3 மில்லிக்கு மேல் கனமாக இருக்கும். 3/8 காலெட்டுக்குள் 8 மில்லி ஸ்லீவ் போட்டால் சுவர் முக்கால் மில்லி, வேலை பார்க்கும். கால் இஞ்சிலிருந்து 6 மில்லிக்கு ஸ்லீவ் என்றால் சுவர் 0.175 மில்லி. அது குழாய் இல்லை, ஃபாயில். விற்கிறார்கள், வாங்காதீர்கள். கோக் டின்னை வெட்டிச் சுற்றிப் போடும் வீடியோ கூட உண்டு. அதைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இஆர் காலெட் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஸ்விட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் கம்பெனி எழுபதுகளில் கொண்டுவந்து, பிறகு டிஐஎன் 6499 என்று தர நிர்ணயமாகவே ஆன அருமையான அமைப்பு அது. அதில் சின்னதான இஆர்11-ல் ஒவ்வொரு காலெட்டும் அரை மில்லி வரை சுருங்கும். 6.5 என்று போட்ட ஒரே காலெட் 6.35-ஐயும் பிடிக்கும், 6-ஐயும் பிடிக்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம கை ரவுட்டரின் கூம்புக் குழி இஆர் இல்லை. அதை மாட்ட ஒரு நீட்டிப்புத் தண்டு போட வேண்டும். பிட் மோட்டாரிலிருந்து ரெண்டு, மூணு இஞ்ச் தள்ளிப் போய்விடும், ஆட்டம் பெருகும். கையில் பிடித்து ஓட்டும் மெஷினுக்கு அது வேண்டாம். சிஎன்சி ஸ்பிண்டில் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஒன்றிரண்டு 6 மில்லி பிட்தான் இருக்கிறது என்றால் காலெட் தேடி அலைய வேண்டாம். ஒரு நல்ல காலெட் விலைக்கு ஒரு நல்ல கால் இஞ்ச் கார்பைடு பிட் வாங்கிவிடலாம். ஊர் பிட்டை அடுத்த லீவில் திரும்ப எடுத்துப் போய், அங்கே டிரிம்மர் வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். அவர்களுக்கு அது கச்சிதமாக உட்காரும். 6 மில்லி தண்டு கால் இஞ்சைவிட மெலிசு வேறு; வளையாமல் நிற்கும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், அந்த 0.35-ஐ விட்டுக்கொடுத்தால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

8 மில்லி கணக்கு வேறு. அதே நான்காம் அடுக்குக் கணக்கில் 8 மில்லி தண்டு கால் இஞ்சைவிட ரெண்டரை மடங்கு விறைப்பு. குழி தோண்டும்போது இந்த வித்தியாசம் கையில் தெரிகிறது. அடிப்பக்கம் வழவழப்பாக வருகிறது, சாண்ட்பேப்பர் வேலை குறைகிறது. உங்களிடம் 8 மில்லி பிட் நாலைந்து இருந்தால், அல்லது ஊரிலிருந்து வாங்கி வரச் சொல்லும் வாய்ப்பு இருந்தால், 8 மில்லி காலெட்டுக்குச் செலவு செய்வது நியாயம். வாங்கி வரச் சொல்லும்போது "8 எம்எம் தண்டு" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, டிஜிட்டல் வெர்னியரில் அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் ரெண்டு நூல் ஆகிவிடும்.

காலெட் வந்ததும் நேராக மரத்துக்குப் போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். தண்டை மூணு இடத்தில் அளந்தால் 5.98, 7.99 மாதிரி வரவேண்டும். காலெட்டின் வெளிக் கூம்பில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு போட்டு, மெஷினுக்குள் வைத்து பிட்டோடு இறுக்கி, வெளியே எடுத்துப் பாருங்கள். மசி மேலிருந்து கீழ் வரை சீராகத் தேய்ந்திருந்தால் சரிவு பொருந்துகிறது. ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் அது உங்கள் மெஷினின் காலெட் இல்லை, திருப்பி அனுப்புங்கள். நட்டு கையாலேயே முதல் மூணு நாலு சுற்று சுலபமாகப் போகவேண்டும். பிட்டை அடி வரை விட்டு, ரெண்டு மூணு மில்லி வெளியே இழுத்து, பிறகு இறுக்குங்கள். குறைந்தது 20 மில்லி தண்டு உள்ளே இருக்கட்டும். பிட் இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்கினால் அது நசுங்கிப் போகும், திரும்ப விரியாது.

கடைசியாக, காலெட் வாய் ஓரத்தில் தண்டைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு. குறைந்த வேகத்தில் ஒரு நிமிஷம் சும்மா ஓட்டி, பிறகு வேண்டாத கட்டையில் 2 மில்லி ஆழத்துக்கு ஒரு அடி நீளம் வெட்டி, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் பிடி சரியில்லை. இந்தக் கோட்டைப் பார்க்கும் வேலையை என் வீட்டில் எட்டு வயதுப் பெண் எடுத்துக்கொண்டாள். "அப்பா, லைன் மூவ் ஆகல" என்று சத்தமாக அறிவித்த பிறகுதான் அடுத்த குழி. மெஷின் ஓடும்போது அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். மரத்தூள் புற்றுநோய்க் காரணி என்று ஐஏஆர்சி பட்டியலில் முதல் பிரிவிலேயே இருக்கிறது, அதனால் சாண்ட்பேப்பர் பிடிக்கும்போது அவளுக்கும் மாஸ்க் உண்டு.

மெஷினையே ஊருக்கு எடுத்துப்போய் மச்சானுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: ரவுட்டரும் பிட்டும் செக்-இன் பெட்டியில். தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும். 18 வோல்ட் 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 வாட்-அவர், 100 என்ற வரம்புக்குள் வந்துவிடும். 6 ஆம்பியர்-அவர் 108, அதற்கு ஏர்லைன் அனுமதி வேண்டும். இங்கத்திய சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது, அங்கே செருகினால் போச்சு. சார்ஜரை அங்கேயே வாங்குங்கள். கூடவே 6 மில்லி காலெட் ஒன்றும் வாங்கி மெஷினோடு கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே பக்கத்துக் கடையில் அவருக்குக் கிடைக்கப்போகும் பிட் அநேகமாக அந்தத் தண்டில்தான் இருக்கும்.